இடது ஆக்சில்

ஒரு கம்பு. அதன் இரண்டு நுனியிலும் இரண்டு பேர். நேர்வழியில் இருவரும் தோளோடு தோள் நடப்பார்கள். வளைவு வந்தால் ஒருத்தன் அதிகம் நடக்க வேண்டும், இன்னொருத்தன் குறைவாக நடக்க வேண்டும்; ஆனாலும் சண்டை வராது, இரண்டு பேரும் ஒன்றாகவே வீடு சேருவார்கள். யார் அவர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொண்டைமெட்டு ஏற்றத்தின் பாதியில், மூக்கை மேலே தூக்கியபடி நின்றுபோன ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, முத்திருளன் தன் மகள் சஷ்டிகாவிடம் இந்த விடுகதையைத்தான் போட்டான். போடும்போது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது, அந்தக் காலைத் தவிர உடம்பில் வேறெதுவும் அசையக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. "செருப்பு" என்றாள் சஷ்டிகா. "செருப்புக்குக் கம்பு ஏது?" என்றான். "அப்ப நீயும் அம்மாவும்." அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு வயிற்றில் இறங்கித் தொடைக்குப் போவதற்குள் அதை நிறுத்தினான். "இன்னும் யோசி தாயி. இஞ்சின் சூடாகிருச்சு. ஆறுற வரைக்கும் யோசி." இஞ்சின் சூடாகவில்லை. அது அணைந்து வெகுநேரமாகிவிட்டது. பானெட்டின்மேல் விழுந்த சாரல் இப்போது ஆவியாகாமல் அப்படியே வழிந்து போனது, அதைச் சஷ்டிகாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள், ஆவி எப்போது வரும் எப்போது வராது என்று பாடத்தில் படித்திருப்பாள். அவள் பக்கம் கதவு கிடையாது, தார்ப்பாய்த் திரைதான். திரைக்கு வெளியே ஒரு முழம் மண். அதற்கப்புறம் ஏலச் செடிகளின் தலை. அதற்கப்புறம் மூடுபனி, வெள்ளையாக, அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாத மூடுபனி.

வலது ஆக்சில் போய்விட்டது. அதில் சந்தேகமில்லை. சந்தேகம் இருக்கக் கூடாதா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே வந்து நின்றது. பின்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை இருக்கிறது, டிஃபரன்ஷியல். அதிலிருந்து வலது கை மாதிரி ஒரு இரும்பு, இடது கை மாதிரி ஒரு இரும்பு. அந்தக் கைகள்தான் ஆக்சில். இஞ்சினின் பலம் ஒரு நீளக் கம்பி வழியாக உருண்டைக்கு வரும், உருண்டை அதை இரண்டு கைக்கும் பங்குபோடும். வளைவில் வெளிச்சக்கரத்தை அதிகம் ஓடவிடும், உள்சக்கரத்தைக் குறைவாக ஓடவிடும், அதனால்தான் சண்டை வராது. நல்ல மனசுதான், ஆனால் மலைக்கு ஆகாத நல்ல மனசு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றினால் பலம் முழுக்க அந்தச் சக்கரத்துக்கே போய்விடும், பாறையை நன்றாகப் பிடித்து நிற்கிறவன் ஒன்றும் கிடைக்காமல் நிற்பான். அதற்காகத்தான் மலை ஜீப்புகளில் லாக்கர். நெம்புகோலை இழுத்தால் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிவிடும். நீ சுற்றினால் அவனும் சுற்ற வேண்டும், அவன் நின்றால் நீயும் நிற்க வேண்டும். இப்போது வலது கை முறிந்துவிட்டது. லாக்கர் போட்டிருப்பதால் இடது கை தனியாக வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்சக்கரத்துக்குப் பலம் போகும் கம்பியைக் கழற்றிப் பட்டறையில் போட்டது பொங்கலுக்கு முன்னால், அதனால் முன்பக்கம் இருந்தும் இல்லாத கணக்கு. பழைய ஜீப், ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, உருண்டைக்குப் போகும் அந்த நீளக் கம்பியைத்தான் பிடிக்கும். கியரும் அதைத்தான் பிடித்திருக்கிறது. இரண்டு பிடியும் போய்ச் சேருவது அந்த ஒரு இடது ஆக்சிலில். லாக்கர் மட்டும் நழுவினால், ஹேண்ட் பிரேக்கும் கியரும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாக்கர் நழுவாமல் இருப்பது எதனால் என்று யோசிக்க அவன் விரும்பவில்லை. யோசிக்காமலே கண் அங்கே போனது. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், நெம்புகோலை இழுத்துக் கட்டியிருந்த சைக்கிள் டியூப் ரப்பர், கருப்பாக, ஈரமாக, விண்ணென்று நின்றது. பல்லுத் தேய்ந்துபோன நெம்புகோல் மேடுபள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடுகிறது என்று அவனே கட்டியது. அவன் போட்ட முடிச்சு.

பிரேக் இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் இன்னொன்று. அழுத்திப் பிடித்த பெடல் ஒரே இடத்தில் நிற்காது, எண்ணெய் எங்கோ உள்ளுக்குள் கசிந்து, தூங்குகிற குழந்தையின் தலை தோளில் கனத்துக்கொண்டே வருவதுபோல மெல்ல மெல்லக் கீழே போகும். தரையைத் தொடுவதற்குள் காலைத் தூக்கி ஒரு தடவை மிதித்து மறுபடி அழுத்த வேண்டும். அந்தத் தூக்குகிற கண்ணிமைப்பு நேரம் வண்டியின் பாரம் முழுவதும் இடது ஆக்சிலில் போய் விழும். தூக்கினான். மிதித்தான். டிக். பின்னாலிருந்து வந்தது. அரிசி மூட்டைகளுக்கும் உர மூட்டைகளுக்கும் அடியிலிருந்து, சின்னதாக, சுத்தமாக. காலையிலிருந்து கேட்கிற அதே டிக். அது வலதுபக்கம் என்றல்லவா நினைத்திருந்தான்? வலதுபக்கம் முறிந்தபோது, சரி, இவ்வளவு நேரம் சொன்னது இதைத்தான் என்று பயத்துக்குள்ளேயே ஒரு நிம்மதி வந்ததே, வலிக்கிற பல்லைப் பிடுங்கியதுபோல. அப்படியானால் இது யார்? இல்லை, மூட்டை உரசியிருக்கும். மூட்டை உரசினால் டிக் என்று கேட்காது, சரக்கென்று கேட்கும். பின்பலகை. பின்பலகை என்றால் டொக். மனசு ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தட்டிப் பார்த்துக் கீழே வைத்தது. எதுவும் டிக் என்று சொல்லவில்லை.

"உங்க வண்டி வயித்துல பல்லி இருக்கா கொழுந்தனாரே?" என்று மலையேறி வரும் வழியில் செவத்தி மதினிதான் முதலில் கேட்டாள். கீழ்த் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிறவள், முத்திருளனுக்குப் பெரியப்பா வழியில் அண்ணி முறை. மடியில் கோழிக்கூடையை வைத்துக்கொண்டு பின்சீட்டிலிருந்து கேட்டாள். "கிழக்க பாத்துச் சொன்னா நல்லது, தெக்க பாத்துச் சொன்னா ஆகாது. உங்க பல்லி எந்தப் பக்கம் சொல்லுது?" "அது கோழி முட்டை ஒடையுற சத்தம் மதினி, உங்க கூடையப் பாருங்க." "என் கோழி முட்டை போட்டா ஊருக்கே கேக்கும், உங்க வண்டி மாதிரி திருட்டுத்தனமாப் பேசாது." சஷ்டிகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே காதை மட்டும் பின்னால் அனுப்பினான், அதுவும் போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒன்றுமில்லை, சின்னச் சத்தம்தான், என்றது. காது பொய் சொல்லாது, காதைக் கேட்கிறவன்தான் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறான். ஆற்றுப்பாலத்துக்கு மேலே மதினி இறங்கிக்கொண்டாள். இறங்கும்போது தலையைக் கூடைமேல் சாய்த்து, "ஏன் கொழுந்தனாரே, மழ இருட்டிக்கிட்டு வருது, புள்ளய எங்கூட விட்டுட்டுப் போங்களேன், காலைல வந்து கூட்டிக்கிடலாம்" என்றாள். சஷ்டிகா மாட்டேன் என்றாள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள் என்றாள். விடுதியில் வாரம் முழுக்கச் சாம்பார் சாப்பிட்ட பிள்ளை. அவன் வண்டியை நகர்த்திவிட்டான். மதினி வீட்டுக் கூரையில் புகை எழும்பிக்கொண்டிருந்ததைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தது ஞாபகம் வந்தது. அந்தப் புகைக்குக் கீழே இந்நேரம் சஷ்டிகா உட்கார்ந்து கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லில் மனசு முள்ளில் சட்டைபோல மாட்டிக்கொண்டது, இழுத்தான், கிழிந்தது, வரவில்லை. ஒரு வெள்ளை இறகு சீட்டில் கிடந்தது. சஷ்டிகா அதை எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். ஊதாதே என்று சொல்ல வாயெடுத்தான். இறகை ஊதினால் வண்டி நகருமா? நகராது. இருந்தாலும் ஊதாதே.

எப்போது உடைந்தது என்றால் எல்லாரும் வண்டி நின்றுபோன இந்தப் பாறைப்படியைத்தான் சொல்லுவார்கள். இங்கே உடையவில்லை, இங்கே முறிந்தது, அவ்வளவுதான். உடைந்தது கீழே, கோயில் வளைவில், நல்ல ரோட்டில். அந்த வளைவு வருஷக்கணக்காகச் சேறு. லாக்கரைப் போட்டபடியே திருப்புவார்கள் எல்லா டிரைவர்களும், அவனும். லாக்கர் போட்டு வளைவில் திருப்பக் கூடாது என்று தெரியாதவன் எவனுமில்லை, கட்டிப்போட்ட இரண்டு பேரில் ஒருவன் நீளமாகவும் ஒருவன் குட்டையாகவும் நடக்க வேண்டியிருந்தால் கம்புதான் முறுக்கிக்கொள்ளும். ஆனால் சேறு மன்னித்துவிடும். சக்கரம் சேற்றில் லேசாக வழுக்கி, அந்த முறுக்கைத் தானே அவிழ்த்துவிடும். போன மாசம் வளைவுக்குச் சிமெண்ட் போட்டார்கள். மாலை போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்து, முதல் வண்டியாக இவன் ஜீப்பைத்தான் ஏற்றினார்கள். நிலைக்கண்ணாடி மாதிரி ரோடு, இனிமே இருளனுக்கு இடுப்புவலியே வராது என்று கைதட்டினார்கள். சிமெண்ட் மன்னிக்காது. சிமெண்ட் சக்கரத்தைப் பிடித்தால் பிடித்ததுதான், விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ரப்பர் முடிச்சை அவிழ்த்து, லாக்கரை எடுத்துவிட்டு, வளைவு தாண்டி மறுபடி போட்டுக் கட்ட வேண்டும். முதல் இரண்டு நடை செய்தான். அப்புறம் மழை வந்தது, ஈர ரப்பர் முடிச்சு நகத்துக்கு அகப்படவில்லை, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, ரப்பர் ருசி நாள் முழுக்க நாக்கில் இருந்தது. ஒருநாள் அவிழ்க்காமலே திருப்பினான். ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம் மட்டும் ஒரு முனகல், மாடு எழுந்திருக்க மனசில்லாமல் முனகுவதுபோல. அப்புறம் தினமும் அப்படித்தான். இன்று காலை அதே இடத்தில் முனகலுக்கு அப்புறம் ஒரு டிக். இரண்டு கைகளையும்தானே முறுக்கினான்? ஒன்றை மட்டுமா முறுக்கினான்? வலது முறுக்கியது என்றால் இடதும் முறுக்கியிருக்கும். ஒரே வளைவு, ஒரே சிமெண்ட், ஒரே முடிச்சு.

காலைத் தூக்கினான், மிதித்தான். டிக். இந்த முறை அதற்கப்புறம் ஒரு சின்ன நடுக்கமும் வந்தது, சீட்டின் கம்பி வழியாக முதுகெலும்பில் ஏறியது. "அப்பா, பல்லி" என்றாள் சஷ்டிகா. "ஆமா தாயி." "மதினி எறங்கிட்டாங்க. பல்லி எறங்கலையா?" "உனக்குப் பெரியம்மாடி அவங்க. எனக்குத்தான் மதினி." வாய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வாய் தனியாக ஒரு ஆள், கீழே நடப்பது எதுவும் தெரியாமல் மாடியில் உட்கார்ந்து பேசுகிற ஆள். பாறைப்படி. அங்கேயும் அவனுக்குத் தெரியும். இடது சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்ற, வலது சக்கரமும் பள்ளத்தில் தொங்கிக் காற்றில் சுற்றியபோது ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்திருக்க வேண்டும். காற்றில் வேகமாகச் சுற்றுகிற சக்கரம் அதே வேகத்தோடு பாறையில் இறங்கினால், அவ்வளவு சுற்றும் ஒரே நொடியில் நிற்க வேண்டும், நிற்க முடியாதது முறியும். புது டிரைவர்களுக்கு அவனே சொல்லுகிற பாடம். சக்கரம் சுத்துதுன்னா சும்மா இரு, நின்னப்புறம் மிதி, மெதுவா மிதி, ஊர்ந்து போ, பாய்ஞ்சு போகாதே. சொன்னவன் பாய்ந்தான். ஏன்? மூடுபனி வருகிறதே என்றா, பிள்ளைக்குப் பசிக்குமே என்றா, பழக்கமா? அந்த நொடிக்குள் போய்ப் பார்த்தால் அங்கே யாருமே இல்லை. ஒரு கால் மட்டும் இருந்தது, மிதித்துக்கொண்டு. பிறகு டங் என்று ஒரு சத்தம், கோயில் மணியை யாரோ துணி சுற்றி அடித்ததுபோல. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. பிரேக், இஞ்சின் அணைந்தது, ஹேண்ட் பிரேக், முதல் கியர், எல்லாம் கைகால்களே செய்துகொண்டன. அந்த ஒரு முழம்தான் இன்னும் வயிற்றில் கிடக்கிறது. பின்னால் வருவது எவ்வளவு எளிதாக இருந்தது. ஏறும்போது உறுமி, கத்தி, புகை கக்கி ஏறுகிற வண்டி, பின்னால் வரும்போது எவ்வளவு அமைதி.

போன மழைக்காலத்தில் சின்னவீரனின் ஜீப் இதே ஏற்றத்தில் பின்னால் உருண்டு போனபோதும் எல்லாரும் அந்த அமைதியைத்தான் சொன்னார்கள். இல்லை, அப்படியில்லை, சின்னவீரன் இஞ்சினை அணைக்கவில்லை. ஆக்சில் கட் ஆனது அவனுக்குப் புரியவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தான். இஞ்சின் முன்னால் போகிறேன் போகிறேன் என்று கத்தியது, வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே தேயிலைக்காட்டிலிருந்து பார்த்த பெண்கள் அவன் ரிவர்ஸ் எடுக்கிறான் என்று நினைத்துக் கையாட்டினார்களாம். கையாட்டினார்களாம். விளிம்பு வந்தபோதுகூட இஞ்சின் நம்பிக்கையாகத்தான் கத்தியிருக்கும். சின்னவீரன் கடைசியாக என்ன நினைத்திருப்பான்? இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம் என்று நினைத்திருப்பான். முத்திருளன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பாதை ஒரு ஜீப் நீளத்துக்குத் தெரிந்தது, அதற்கப்புறம் வளைந்தது, வளைவில் பாதை இல்லை, வெள்ளைதான். ஹாரன் அடித்தான். இது மூன்றாவதோ நான்காவதோ. மேலே வளைவு திரும்பினால் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகள், நாய் குரைப்பதுகூடக் காதில் விழுகிறது. அவன் மனைவி முருகேஸ்வரிக்கு ஹாரன் கேட்டிருக்கும். கேட்டதும் உலை வைத்திருப்பாள். அதுதான் இத்தனை வருஷப் பழக்கம், ஏற்றத்தில் வந்து இவன் ஹாரன் அடிப்பான், அவள் அடுப்பு மூட்டுவாள், சோறு வடிக்கிற நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்கும். இரண்டு தடவை அடித்தால் சீக்கிரம் வை என்று அர்த்தம். நாலு தடவை அடித்தால்? பிள்ளை கையை வைத்து விளையாடுகிறாள் என்று சிரித்திருப்பாள். ஆபத்து என்று சொல்ல ஒரு ஹாரனை அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. எதற்குப் பேசி வைப்பார்கள், அப்படிப் பேசுவதே அபசகுனம் என்பாள் அவள்.

"பின்சக்கரம்!" என்றாள் சஷ்டிகா. அவன் சட்டென்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். "என்னது?" "விடுகதைப்பா. ரெண்டு பேர், ஒரு கம்பு. பின்சக்கரம்தான?" "ஆமா தாயி. சரியாச் சொல்லிட்ட." "அப்ப எனக்கு என்ன தருவ?" "வீட்டுக்குப் போய்த் தரேன்." இறகைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சாதாரணமாக, ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப் பெயரைப் படிப்பதுபோல, "அப்பா, உன் காலு ஆடுது" என்றாள். ஆடியது. முழங்காலுக்கு மேல் தசை தனியாகத் துடித்தது, வெட்டிப் போட்ட மீனின் சதைபோல. எப்போதிலிருந்து ஆடுகிறது? "குளுரு" என்றான். "பொய்யி. இஞ்சின் ஆறிருச்சு. நான் தொட்டுப் பாத்தேன், இந்தத் தகரம் ஜில்லுனு இருக்கு. ஏன் போகல?" எட்டு வயதுக்குச் சொல்லுகிற மாதிரி ஒரு பதில் இருக்க வேண்டும். பயப்படாத அளவுக்கு உண்மை, கீழ்ப்படிகிற அளவுக்குப் பயம், இரண்டும் சேர்ந்த ஒரு வாக்கியம். பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பாரம் வண்டிக்கு ஒரு பொருட்டில்லை, ஆனால் அவள் இறங்குகிற பக்கம் ஒரு முழ மண்தான், மழையில் ஊறிய மண், அதனால்தான் இவ்வளவு நேரம் இறங்கவிடவில்லை, அதனால்தானா? இல்லாவிட்டால் தனியாக உட்கார்ந்திருக்கப் பயமா? அந்தக் கேள்வியைத் தாண்டி வேகமாகப் போனான். ஒரு வழி இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஸ்டியரிங்கை வலதுபக்கம் முழுக்க ஒடித்து, பிரேக்கை விட்டால், ஜீப்பின் வால் வலதுபக்கம் திரும்பி மலைச்சுவரில் போய் மோதும். வாய்க்கால் இருக்கிறது, சக்கரம் அதில் விழும், மூட்டைகள் சரியும், வண்டி சாயும், உருண்டாலும் உருளும். ஆனால் மலைப்பக்கம். விளிம்புப் பக்கம் இல்லை. தனியாக இருந்தால் எப்போதோ செய்திருப்பான். வண்டி சாயும்போது பக்கத்தில் பிள்ளை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளை முன்னால், மேலே, பாதையில், வண்டிக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அல்லது ஒரு சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருந்தால் போதும். அந்த நினைப்பை அவன் வாய் வரைக்கும் வரவிடவில்லை. கிளீனர் வேலுத்துரை இருந்தால் வண்டி நின்ற நொடியே குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருப்பான், அதைச் சஷ்டிகாவும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், அவன் இன்று கம்பம் ஊரில் கல்யாணச் சாப்பாட்டில் இருக்கிறான். கல் வைக்க வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். கல் என்ற சொல்லே இந்த வண்டிக்குள் வரக் கூடாது.

தூக்கினான், மிதித்தான். டிக் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கிர்ரென்று ஒரு இழுவை, கரும்பை முறிப்பதற்கு முன்னால் வளைக்கிற சத்தம். பெடல் இந்த முறை முன்னைவிடக் கீழேயே நின்றது. "சஷ்டி. அப்பா சொல்றத அப்படியே செய்யணும். என்ன?" "ம்." "இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டே எறங்கு. மண்ணு வழுக்கும். எறங்குனதும் வண்டியத் தடவிக்கிட்டே முன்னால போ. முன்னால, மேல. நிக்காமப் போய் அம்மாவக் கூப்பிடு. பின்னால போகக் கூடாது. என்ன சொன்னேன்?" "பின்னால போகக் கூடாது." "ஏன்னு கேக்காத." "கேக்கல. நீ வரலையா?" "நான் வண்டிய ஓரமாப் போட்டுட்டு வரேன்." "காலு ஆடுதுல்ல, எப்படிப் போடுவ?" "போடுவேன். எறங்கு தாயி." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் அம்மா அரிசியில் கல் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். புத்தகப்பையைக் கழற்றிச் சீட்டில் வைத்தாள். ஏன் கழற்றுகிறாள், மாட்டிக்கொண்டே போகட்டுமே, ஆனால் அதைப் பேச நேரமில்லை. தார்ப்பாயை விலக்கினாள். சின்னக் கால் ஒன்று மண்ணைத் தேடியது, தொட்டது, வழுக்கியது, நின்றது. இன்னொரு கால். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வண்டி அசையவில்லை. அப்பாடா. தார்ப்பாய் மறுபடி மூடிக்கொண்டது, அவள் அதற்கு அந்தப்பக்கம் போய்விட்டாள்.

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபக்கம் ஒடித்தான். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இருந்தது, தோள்பட்டை விம்மியது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, கடைசிவரை வந்தது. இனி அவள் தலை பானெட்டுக்கு அந்தப்பக்கம் தெரிய வேண்டும். இடது மட்கார்டைத் தாண்டி, ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனுமாகத் தெரிய வேண்டும். தெரிந்து, மேலே நடந்து, பாதையோரம் தெரிகிற அந்த மரத்தடி வரைக்கும் போனதும் காலை எடுத்துவிடலாம். எடுத்ததும் வால் வலதுபக்கம் வீசும், கதவுக்கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொள்ளலாம். பெடல் இறங்கியது. ரிப்பன் தெரியவில்லை. மண் வழுக்குமே, மெதுவாகத்தான் வருவாள், மெதுவாக வா தாயி, ஆனால் வா. மூடுபனி பானெட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் குட்டையோ, மட்கார்டு மறைக்கிறதோ? போன வாரம் பானெட்டின்மேல் மோவாயை வைத்து நின்றாளே, மறைக்காது. நாய் குரைப்பது நின்றிருந்தது. பெடல் தரையைத் தொட்டது. இன்னொரு தடவை காலைத் தூக்கி மிதித்தால் இடது ஆக்சில் தாங்குமா என்று கேட்டுக்கொண்டான், தாங்காது என்று வேறு யாரோ சொன்னதுபோலத் தெளிவாகக் கேட்டது. "சஷ்டி" என்றான். "சஷ்டி, எங்க இருக்க?" "இங்கதாம்ப்பா" என்ற குரல் முன்னாலிருந்து வரவில்லை.

பக்கக் கண்ணாடியில் சஷ்டிகா தெரிந்தாள். பாதையோரம் குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தாள், அது சின்னது என்று விட்டுவிட்டாள். அதைவிடப் பெரிய கல் ஒன்றை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் பின்னால் போனாள்.